அவங்க பார்க்கக் கூடாது

"அந்த வால்வை அவங்க பார்க்கக் கூடாது. தொடக் கூடாது. அதைப் பத்தி அவங்ககிட்ட யாரும் பேசவும் கூடாது," என்றார் விதியம்மா.

திங்கள்கிழமை காலை, விண்வெளி ஆராய்ச்சிக்கூடத்தின் இரண்டாவது மாடி நடைபாதையில், காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்து இதைச் சொன்னார். ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அதிகாரி என்று அவருடைய அறைக் கதவில் எழுதியிருக்கும். விதிகளைப் பார்த்துக்கொள்பவர் என்பதால் விதியம்மா. அவர் எதிரே வந்து நின்றால் அன்றைக்கு நம் தலைவிதியும் மாறிவிடும் என்பதாலும் விதியம்மா.

மூக்குக்காரர் காபியைக் கீழே வைத்தார். அவருக்கு அந்தப் பெயர் வந்தது முகத்திலிருக்கும் மூக்கால் அல்ல. அது எல்லோருக்கும் இருப்பது போன்ற மூக்குதான். ஒரு வால்நட்சத்திரத்தின் பக்கத்தில் போய், அது விடும் வாயுக்களை மோந்து பார்த்துச் சொல்லும் கருவி ஒன்றை அவர் செய்துகொண்டிருந்தார். செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். அதிகாரப்பூர்வமாக அதற்கு மூச்சு வாங்கும் நீளத்தில் ஒரு பெயர் உண்டு. எல்லோரும் மூக்கு என்றுதான் சொல்வார்கள்.

"ஆயுதமா? அது மூக்கு மேடம்!"

"மூக்கு ஆயுதமில்ல. மூக்குக்குள்ள இருக்கற வால்வு ஆயுதம். அதே மாதிரி வால்வு ஏவுகணையிலயும் இருக்காம். போன வாரம் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. இனிமே வெளிநாட்டுக்காரங்க கண்ணுல பட்டாலே அது ஏற்றுமதி."

"கண்ணுல பட்டாலேவா?"

"காதுல விழுந்தாலும்தான். பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்கறவங்ககிட்ட சொன்னாக்கூட, கப்பல்ல ஏத்தி அனுப்பின கணக்கு." விதியம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்க குழுவுல வெளிநாட்டுக்காரங்க ஒருத்தர் இருக்காங்க. பேரைச் சொல்லி, இவங்க இன்ன நாடுன்னு நடைபாதையில நான் பேசக் கூடாது. அதுவும் ஒரு விதி. யாருன்னு உங்களுக்கே தெரியும்."

"நல்லாத் தெரியும் மேடம்," என்றார் மூக்குக்காரர். "ஆனா இத்தனை வருஷம் இந்த மூக்குக்காக உயிரைக் கொடுத்தவங்களையே பார்க்கக் கூடாதுன்னா எப்படி?"

விதியம்மாவின் முகம் இளகியது. "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. அவங்க மேல எனக்குத் தனிப்பட்ட முறையில ரொம்ப மரியாதை."

"அவங்க இல்லாம இந்த வேலை நடக்காது மேடம்."

"எல்லாரும் அப்படித்தான் நெனைச்சுக்கறாங்க. மத்தவங்க இருக்காங்க, பார்த்துப்பாங்க. நீங்க மனசைத் தேத்திக்குங்க," என்று அவர் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார் விதியம்மா.

இவ்வளவு கரிசனத்தோடு அவர் பேசி மூக்குக்காரர் பார்த்ததே இல்லை. ஆனால் அதை யோசிக்க நேரமில்லை. ஏனென்றால் அந்த 'அவங்க' இன்னும் ஒரு மணி நேரத்தில் வந்து இறங்கப்போகிறார்.

அவங்க என்றால் டாக்டரம்மா. வேற்று நாட்டு ஆய்வகம் ஒன்றில் இருந்துகொண்டு அந்த வால்வை யோசித்தவர், வரைந்தவர், கடைந்தவர், பருத்தியில் சுற்றித் தபாலில் அனுப்பியவர். தான் பெற்ற பிள்ளையைத் தானே பார்க்கக் கூடாது என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அதைவிடப் பெரிய தொல்லை, வால்வு ஒழுகிக்கொண்டிருந்தது. அதைச் சரி செய்யத்தான் அவரே வருகிறார். வெள்ளிக்கிழமை மத்தியானம் லாரி வந்து மூக்கை ஏற்றிக்கொண்டு ராக்கெட் தளத்துக்குப் போகும். அதற்குள் வால்வு மூடவில்லையென்றால் ராக்கெட்டில் மூக்குக்கு ஒதுக்கிய இடத்தைப் பக்கத்துக் கட்டடத்துக் கேமராக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். இப்போதே அளவெடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த வால்நட்சத்திரமோ ஒருமுறை திரும்பிப் போனால், மறுபடி வரும்போது மூக்குக்காரரின் கொள்ளுப்பேரனுக்கே தலை நரைத்திருக்கும். மூக்குக்காரர் தன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்த மூக்கு. இதை அவர் மனைவியும் ஒப்புக்கொள்வார்.

மூக்குக்காரர் நேரே வீட்டுக்கு ஓடினார். வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.

"என்னங்க, இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா?" என்றாள் மனைவி.

"ஒரு திரை வேணும். பெருசா." அவர் பீரோவுக்குள் தலையை விட்டார்.

"சமையலறைக் குழாய் ஒழுகுது. ஜன்னல் கொக்கி கழண்டு தொங்குது. அந்த விண்ணப்பம் அலமாரி மேல தூசி அடிச்சுக் கிடக்குது. எதையும் பார்க்க நேரமில்ல, திரை தேட மட்டும் நேரமிருக்கா?"

"அடுத்த வாரம் எல்லாத்தையும் முடிச்சுடறேன்."

அந்த 'அடுத்த வாரம்' கல்யாணமான நாளிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. மூக்குக்காரர் வீட்டோட மாப்பிள்ளை. தாலி கட்டிய கையோடு இரண்டு விமானம் மாறி, ஒரே ஒரு சூட்கேஸோடு வந்து இறங்கியவர், அப்படியே தங்கிவிட்டார். சூட்கேஸ்கூட இன்னும் முழுதாகப் பிரிக்கப்படவில்லை என்று மாமியார் சொல்வார். மாமியார் சொல்வது எட்டுத் தெருவுக்குக் கேட்கும்.

பீரோவின் அடியிலிருந்து நீலப் பூப்போட்ட பெரிய படுக்கை விரிப்பு ஒன்று கிடைத்தது. அது மாமியாரின் செல்ல விரிப்பு என்பதை அவர் கவனிக்கவில்லை. சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மூக்கு இருந்தது கிளீன் ரூமில். தலைமுடி ஒன்று உதிர்ந்தாலும் ஊரைக் கூட்டிவிடும் அறை அது. தொப்பி, முகமூடி, காலுறை எல்லாம் மாட்டிக்கொண்டுதான் நுழைய வேண்டும். அப்படி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு உள்ளே போன மூக்குக்காரர், அங்கேயிருந்த கண்ணாடிச் சுவரில் பூப்போட்ட விரிப்பைத் தொங்கவிட்டார். பயம் வந்தால் படித்த படிப்பெல்லாம் போய்விடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வாசலில் காவலாளியோடு டாக்டரம்மா நின்றிருந்தார். முதுகில் பை, காலில் மலையேறும் பூட்ஸ், பேச்சில் ஒரு வெளிநாட்டு இழுப்பு.

"அம்மாவுக்குச் சாதாரண அட்டையே போதும்னு மேல சொல்லிட்டாங்க சார்," என்றார் காவலாளி.

வெளிநாட்டுக்காரர்களுக்குத் தனி அட்டை கொடுக்க வேண்டும்; இந்தக் காவலாளி எப்போதுமே இப்படித்தான், அசட்டை, என்று நினைத்துக்கொண்டார் மூக்குக்காரர்.

"எங்க சார் என் வால்வு? அஞ்சு நிமிஷ வேலை. பார்த்த உடனே சொல்லிடுவேன்," என்று டாக்டரம்மா கைகளைத் தேய்த்தார்.

நீங்கள் வெளிநாட்டுக்காரர், உங்களை நம்பக் கூடாதாம் என்று முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? மூக்குக்காரர் ஒரு பொய்யைக் கட்டினார். "டாக்டர், புதுசா ஒரு ஏற்பாடு. உள்ள ஒருத்தர்தான் இருக்கலாமாம். தூசிக்காக. நீங்க வெளிய உக்காருங்க. ஒலிபெருக்கியில பேசிக்கலாம்."

"சரி. வால்வோட வாய் எப்படி இருக்கு?"

மூக்குக்காரர் பதறி அவர் பக்கம் கையை ஆட்டினார். "வால்வுன்னு சொல்லாதீங்க! அதைப் பத்திப் பேசவே கூடாது. வந்து... கேமராக்காரங்க ஒட்டுக் கேட்கறாங்க!"

பொய் சொன்னால் எதிராளி முகம் சுளிக்க வேண்டும். டாக்டரம்மாவின் முகமோ தீபம் மாதிரி மலர்ந்தது. "வேவு பார்க்கறாங்களா? நிஜமாவா? அப்ப நாம குறிச்சொல் வெச்சுப் பேசணுமே! வால்வுக்கு... மாமியார்னு வெச்சுக்கலாமா?"

"ஏன் மாமியார்?"

"வாயை மூடவே மாட்டேங்குதே சார்!"

"ஸ்க்ரூவுக்கு?"

"மாப்பிள்ளை. முறுக்கிக்கிட்டே இருக்குமில்ல!"

மூக்குக்காரர் யோசித்தார். மாமியாரைப் பற்றிப் புலம்புவது எந்த நாட்டுச் சட்டத்திலும் ஏற்றுமதி ஆகாது. அப்படி ஆகுமென்றால் உலக வாணிபமே வேறு மாதிரி இருந்திருக்கும். சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

"மாப்பிள்ளையை ஒரு சுத்து முறுக்குங்க!" என்றது ஒலிபெருக்கி.

முறுக்கினார். "மாமியார் இன்னும் முணுமுணுக்கறாங்க!"

"இன்னொரு சுத்து!"

செவ்வாய்க்கிழமை முழுக்க முறுக்கினார்கள். ஆச்சரியம் என்னவென்றால், முறுக்க முறுக்க ஒழுகல் கூடியது. திங்கள்கிழமை முணுமுணுத்த மாமியார் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் புஸ்ஸென்று சீற ஆரம்பித்தார்.

புதன்கிழமை காலையில் நடைபாதையில் விதியம்மாவின் குதிகால் செருப்புச் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்த மூக்குக்காரர் திரைக்குப் பின்னால் சிலையானார்.

"டாக்டர், நீங்க ஏன் வெளிய உக்காந்திருக்கீங்க? உள்ள போய் வேலையைப் பாருங்களேன்," என்றது விதியம்மாவின் குரல்.

பொறி வைக்கிறார்! மூக்குக்காரருக்கு முகமூடிக்குள் வேர்த்தது. உள்ளே ஒரு கால் வைத்தால் போதும், ஏற்றுமதிக் குற்றம் என்று பிடித்துக்கொள்வார். என்ன கெட்டிக்காரத்தனம்!

டாக்டரம்மாவுக்கோ விதியம்மா யாரென்றே தெரியாது. கேமராக்காரர்கள் அனுப்பிய ஆள் என்று முடிவுகட்டிவிட்டார். தேன் ஒழுகும் குரலில், "உள்ள ஒண்ணுமே இல்லைங்க. சும்மா காத்து வாங்கறேன்," என்றார்.

"மூக்குக்காரர் உள்ள இல்லையே?"

"இல்லவே இல்ல. அவரை நான் பார்த்து ரெண்டு நாளாச்சு."

"நல்லது. அப்படியே இருக்கட்டும். பாவம், நல்ல மனுஷர்," என்று பெருமூச்சு விட்டுவிட்டு விதியம்மா போனார்.

நாங்கள் இருவரும் ஒரே அறையில் கூடிக் குசுகுசுக்கிறோமா என்று பார்க்க வந்திருக்கிறார், தப்பித்தோம், என்று மூக்குக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா வெளியே சந்தோஷத்தில் குதித்தார். "அனுப்பிட்டேன் சார்! சந்தேகமே வரலை!"

வியாழக்கிழமை மாமியார் சீறலை நிறுத்தி ஊளையிட ஆரம்பித்தார். மூக்குக்காரர் வீட்டுக்கு வந்தும் மனம் ஆறாமல், சாப்பிடக்கூட உட்காராமல், குளியலறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். குழாய்ச் சத்தத்தில் அவர் பேசுவது அவருக்கே கேட்கவில்லை. அதனால் கத்தினார்.

"மாமியார் வாயை மூடவே மாட்டேங்குது டாக்டர்! மாப்பிள்ளை முடிஞ்ச வரைக்கும் முறுக்கிப் பார்த்தாச்சு... சூடா? சூடும் வெச்சுட்டேன், இன்னும் ஜாஸ்தியாத்தான் கத்துது... தலையில தட்டவா? எதால, சுத்தியாலயா?... சரி, சின்ன சுத்தி. ஒரே போடு... இல்ல இல்ல, நாளைக்கு மத்தியானம் தாண்டக் கூடாது. லாரிக்குச் சொல்லியாச்சு. பெட்டியில வெச்சு ஆணி அடிச்சு ஏத்திட்டா என் கடமை முடிஞ்சது. மேல அனுப்பிட்டோம்னா அனுப்பினதுதான், திரும்பி வரவே வராது!"

கதவுக்கு வெளியே, தொலைந்துபோன படுக்கை விரிப்பைப் பற்றி விசாரிக்க வந்து நின்ற அசல் மாமியாரின் கையிலிருந்த துண்டு நழுவிக் கீழே விழுந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் வாய் மூடியது.

மறுநாள் காலை மூக்குக்காரர், அவசரத்திலும் மரியாதை விடாமல், "அத்தை, டீ ஆறுது," என்று கோப்பையை நகர்த்தினார்.

"நீங்க முதல்ல ஒரு வாய் குடிங்க மாப்பிள்ளை," என்றார் மாமியார், சுவரோடு சுவராக ஒட்டி நின்றபடி.

"எனக்கு நேரமில்ல அத்தை. சுத்தியை எங்க வெச்சேன்?"

மாமியார் ஓடிப்போய் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டார். உள்ளே அலமாரியை நகர்த்தும் சத்தம் கேட்டது. வீட்டில் இன்றைக்கு ஏதோ சுத்தம் செய்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மூக்குக்காரர் கிளம்பிவிட்டார்.

ஆராய்ச்சிக்கூடத்தில் சின்ன சுத்தியால் மாமியார் தலையில் ஒரு தட்டு தட்டினார். ஊளை நின்றது. மூன்று மூச்சு விடுவதற்குள் மறுபடி ஆரம்பித்தது. மூக்குக்காரர் சுத்தியைக் கீழே போட்டுவிட்டு அழுதேவிட்டார். தொப்பியும் முகமூடியும் போட்டுக்கொண்டு அழுவது சுலபமில்லை. கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாமல் போனது.

"சார், அழாதீங்க," என்றது ஒலிபெருக்கி. "என் மாமியாரை எனக்குத் தெரியும். சும்மா கத்த மாட்டா. வாயில ஏதோ சிக்கியிருக்கு. பூதக்கண்ணாடி வெச்சுப் பாருங்க."

துடைத்துக்கொண்டு பார்த்தார். வால்வின் விளிம்பில், நீல நிறத்தில், கண் இமையைவிடச் சின்னதாக ஒரு நூல்.

மூக்குக்காரர் மெல்லத் திரும்பித் திரையைப் பார்த்தார். அதன் நீலப் பூக்கள் அப்பாவியாகத் தொங்கிக்கொண்டிருந்தன. முதலில் இருந்த சின்ன ஒழுகல் செவ்வாய்க்கிழமை முறுக்கிலேயே நின்றிருக்கும்; ஐந்து நாளாக அது உதிர்த்த பஞ்சும் நூலும்தான் மாமியாருக்கு ஊட்டப்பட்டிருந்தன.

இடுக்கியால் நூலை எடுத்தார். மாப்பிள்ளையை அரைச் சுற்று தளர்த்தி மறுபடி முறுக்கினார். அறையில் அப்படி ஓர் அமைதி.

"டாக்டர்! மாமியார் வாயை மூடிட்டாங்க!"

வெளியே பூட்ஸ் கால்கள் ஆடிய ஆட்டத்தில் கண்ணாடிச் சுவரே அதிர்ந்தது.

லாரி வாசலில் நின்றது. மூக்கை மரப்பெட்டியில் வைத்து ஆணி அடித்து, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே மூக்குக்காரர், ஐந்து நாள் பழக்கத்தில், வானத்துக்குக் கேட்கும்படி கத்தினார்: "மாமியாரைப் பார்த்துத் தூக்குங்கப்பா! தலைகீழா வெச்சுடாதீங்க!"

காவலாளியின் அறையிலிருந்து "ஐயோ!" என்று ஒரு குரல் எழுந்தது. அங்கே அசல் மாமியார் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை. பக்கத்தில் மனைவி, கண்ணெல்லாம் சிவந்து.

"வாசல்லயே நேரா கேட்டுடலாம்னு வந்தோம்," என்றாள் மனைவி. "எங்கம்மாவை என்ன பண்ணப்போறீங்க?"

மாமியார் பயத்தையும் மீறிப் பெட்டியை உற்றுப் பார்த்தார். "இவ்வளவூண்டு பெட்டியில நான் எப்படி மாப்பிள்ளை நுழைவேன்?" என்றார் கலங்கிய குரலில்.

விஷயம் விளங்க மூக்குக்காரருக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததும் மனைவியின் முகம் இன்னும் சிவந்தது. அவசர அவசரமாக வால்வு, ஸ்க்ரூ, குறிச்சொல் எல்லாவற்றையும் உளறிக் கொட்டினார். டாக்டரம்மாவும் பூட்ஸ் மேல் சத்தியம் பண்ணாத குறையாகச் சாட்சி சொன்னார். அதற்குள் லாரி கிளம்பி, தெருமுனை திரும்பி மறைந்தது. மூக்கு போய்விட்டது. வால்நட்சத்திரத்துக்கு! மூக்குக்காரருக்கு அந்த நேரத்தில் யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. காவலாளியைக் கட்டிப்பிடித்தார்.

"விரிப்பு?" என்றார் மாமியார். உயிர் பிழைத்ததும் அவருக்கு நினைவு வந்த முதல் விஷயம் அது.

"துவைச்சுத் தர்றேன் அத்தை. எல்லாம் ஒரு விதியால வந்த வினை." மூக்குக்காரர் டாக்டரம்மாவிடம் திரும்பினார். தொண்டையைச் செருமினார். "டாக்டர், உங்ககிட்ட ஒரு மன்னிப்புக் கேட்கணும். தூசின்னு சொன்னது பொய். கேமராக்காரங்க ஒட்டுக் கேட்டதும் பொய். குழுவுல இருக்கற வெளிநாட்டுக்காரங்க அந்த வால்வைப் பார்க்கக் கூடாது, தொடக் கூடாதுன்னு உத்தரவு. உங்க முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு மனசு வரலை."

டாக்டரம்மா விழித்தார். "யாரு சார் வெளிநாட்டுக்காரி? நானா? எனக்கு வேலைதான் வெளிநாட்டுல. நான் பொறந்தது இந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில. பாஸ்போர்ட்டும் இந்த நாட்டோடதுதான்!"

"ஆமா சார், அதான் சாதாரண அட்டை கொடுத்தேன்," என்றார் காவலாளி.

மூக்குக்காரர் தலையைச் சொறிந்தார். விரல் விட்டு எண்ணினார். "படம் வரையறவர் இந்த ஊரு. மின்சுற்று பார்க்கற ரெண்டு பேரும் இந்த ஊரு. கணினிப் பொண்ணு எதிர்த்தெரு. நீங்களும் இந்த ஊருன்னா... அப்ப அந்த வால்வைத் தொடவே கூடாத அந்த ஒருத்தர் யாரு?"

மனைவி மெல்ல நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். மாமியார் பையை மடியிலிருந்து கீழே இறக்கி வைத்தார்.

"குடியுரிமை விண்ணப்பத்தைப் போடுங்க, போடுங்கன்னு கல்யாணமான நாள்லேர்ந்து என் பொண்ணு யாருகிட்ட மாப்பிள்ளை கெஞ்சிக்கிட்டிருக்கா?"